சபையாக உட்கார்ந்து பணிக்கூற்று எழுதுவது எப்படி? வன்னித் திருச்சபைகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

இலங்கையின் வடக்கே வன்னியில் எந்த அலுவலகத்துக்குப் போனாலும் வாசல் சுவரில் இரண்டு பலகைகள் இருக்கும்: தூரநோக்கு, பணிக்கூற்று. நாங்கள் யாருக்காக என்ன செய்கிறோம் என்று சுருக்கமாகச் சொல்வதுதான் பணிக்கூற்று. பிரதேச செயலகம், பாடசாலை, வங்கி, கூட்டுறவுச் சங்கம் என்று ஓரிடமும் தப்பவில்லை. வரிசையில் நிற்கும்போது கண் அதில் படும். எங்கள் இலக்கத்தைக் கூப்பிட்டதும் மறந்துவிடும்.

சபைகளிடம் இந்தப் பழக்கம் வந்தது பெரும்பாலும் விண்ணப்பப் படிவங்களால்தான். 2009இல் போர் முடிந்த பிறகு மீள்குடியேற்றம் நடந்த ஆண்டுகளில் உதவி நிறுவனங்கள் படிவத்தோடு வந்தன. அதில் 'உங்கள் அமைப்பின் பணிக்கூற்று' என்று ஒரு கட்டம் இருக்கும். போதகரோ செயலாளரோ இரவோடிரவாக இரண்டு வரி எழுதி அனுப்புவார். திட்டம் வரும், முடியும், நிறுவனம் வாகனத்தைத் திருப்பிக்கொண்டு போகும். அந்த இரண்டு வரி மட்டும் ஒரு கோப்பில் கிடக்கும். சபையில் பாதிப் பேருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

நான் சொல்ல வருவது வேறு. ஒரு சபைக்குப் பணிக்கூற்று உண்மையில் தேவைப்படுவது, நல்லதாகத் தெரிகிற ஒரு காரியத்தைப் பார்த்து 'இது எங்கள் வேலை இல்லை' என்று சொல்லவேண்டிய நாளில்தான். ஆளும் காசும் குறைந்த கிராமத்துச் சபைக்கு அந்த நாள் அடிக்கடி வரும். 'ஓம்' என்று சொல்ல எழுத்து எதுவும் வேண்டியதில்லை. மனவருத்தம் இல்லாமல் 'இல்லை' என்று சொல்லத்தான் எல்லோரும் சேர்ந்து ஒப்புக்கொண்ட ஒரு வசனம் வேண்டும். கீழே சொல்லும் படிகள் எல்லாம் அந்த வசனத்தை எடுப்பதற்கானவை.

மெதடிஸ்த, தென்னிந்தியத் திருச்சபை, அங்கிலிக்கன் சபைகளையும் தனிச் சபைகளையும் மனதில் வைத்து எழுதுகிறேன். கத்தோலிக்கப் பங்குகளில் அயல் வீடுகள் சேர்ந்த அன்பியங்கள் என்ற சிறு குழுக்கள் இருப்பதால் சில படிகள் இன்னும் இலகுவாக இருக்கும்.

முதலில் காலம் பாருங்கள்

இதற்கு நான்கு மாதமாவது வேண்டும். எந்த நான்கு மாதம் என்பதில்தான் பல சபைகள் சறுக்குகின்றன. புது வருட ஆராதனையில் உற்சாகமாக அறிவிப்பார்கள். அடுத்த கிழமையே மாரிமழையில் விளையும் காலபோக நெல்லின் அறுவடை தொடங்கிவிடும். ஜனவரி முதல் மார்ச் வரை வயற்காரர் யாரையும் பிடிக்க முடியாது. ஒக்டோபரில் விதைப்பு. நவம்பர், டிசம்பரில் மழை, வெள்ளம், பிறகு நத்தார்.

உயிர்ப்பு ஞாயிறு முடிந்து தொடங்கி, விதைப்புக்கு நிலம் பண்படுத்தும் வேலை வருமுன் முடிப்பது நல்லது. அந்த இடைவெளியில் குளத்துத் தண்ணீரில் செய்யும் சிறுபோகம் வரும், ஆனால் அது எல்லோருக்கும் இல்லை. இரணைமடு போன்ற குளங்களின் கீழும் தண்ணீரின் அளவைப் பார்த்துத்தான் காணி பங்கிடுவார்கள். கரையோரச் சபையென்றால் கடற்றொழில் செய்கிறவர்களிடம் கேட்டு நாள் குறியுங்கள், கலண்டரைப் பார்த்துக் குறிக்காதீர்கள். போரில் இறந்தவர்களை நினைக்கும் மே 18ஐ ஒட்டிய கிழமையை அப்படியே விட்டுவிடுங்கள். அந்த நாட்களில் எங்கள் சனத்தின் மனம் வேறெங்கோ இருக்கும், இருக்கவும் வேண்டும்.

இரவுக் கூட்டம் வைக்கவேண்டாம். ஒட்டுசுட்டான், நெடுங்கேணிப் பக்கம் யானைக்குப் பயந்து பொழுதுபட்டால் ஆட்கள் வெளிக்கிடமாட்டார்கள். மற்ற இடங்களில் கடைசி பஸ் போய்விடும். ஞாயிறு ஆராதனை முடிந்து, அங்கேயே சாப்பிட்டு, இரண்டு மணித்தியாலம் இருப்பதுதான் நடக்கக்கூடிய வழி.

சாப்பாட்டைப் பற்றியும் ஒரு சொல். வழமைபோலப் பெண்கள் ஐக்கியத்திடம் சமையலைக் கொடுத்தால், சபையில் அதிகம் வேலை செய்கிறவர்கள் எல்லோரும் கூட்டம் நடக்கும் நேரம் முழுக்க அடுப்படியில் நிற்பார்கள். வாலிபர்களையும் ஆண்களையும் சமைக்க விடுங்கள், இல்லாவிட்டால் பார்சல் எடுங்கள். சோற்றில் கல் கடித்தாலும் பரவாயில்லை.

பேனா யார் கையில்?

பொறுப்பாக ஒரு சிறு குழு வேண்டும். ஏழு பேர் போதும். அப்போஸ்தலர் நடபடிகள் 6ஆம் அதிகாரத்தைக் குழு தெரிவுக்கு முன் சபையாக வாசியுங்கள். அன்றாடப் பந்தியில் தங்கள் விதவைகள் கவனிக்கப்படவில்லை என்று கிரேக்க மொழி பேசிய பகுதியினர் முறுமுறுத்தார்கள். சபை தெரிந்தெடுத்த ஏழு பேரின் பெயர்களைப் பாருங்கள். ஸ்தேவான், பிலிப்பு தொடங்கி எல்லாமே கிரேக்கப் பெயர்கள். குறை சொன்ன பக்கத்து ஆட்களிடமே பொறுப்பைக் கொடுத்திருக்கிறார்கள்.

எங்கள் சபைகளில் குறை சொல்லும் பக்கம் எது? பெரும்பாலும் எல்லோருக்கும் தெரியும், யாரும் வாய் திறப்பதில்லை. வன்னிச் சபை என்பது பல ஊர்களிலிருந்து வந்து சேர்ந்த சனம். பரம்பரையாகக் குளத்தடியில் இருந்தவர்கள், குடியேற்றத் திட்டத்தில் காணி கிடைத்து யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள், 1977, 1983 வன்செயல்களுக்குத் தப்பி மலையகத்திலிருந்து வந்தவர்கள், 1995 யாழ்ப்பாண இடப்பெயர்வோடு வந்து திரும்பிப் போகாதவர்கள். பத்து வாங்கு போட்ட ஆலயத்திலும் யார் எந்த வாங்கில் இருப்பது என்று எழுதப்படாத ஒழுங்கு இருக்கும். ஆசிரியர், கிராம சேவகர், ஓய்வுபெற்ற எழுதுவினைஞர் என்று முன்வாங்குக்காரர்களை மட்டும் எடுத்தால் தமிழ் வடிவாக இருக்கும். சபை அதில் இருக்காது.

ஆகவே ஏழு பேரில் மலையகத்திலிருந்து வந்த குடும்பத்தில் ஒருவர், தனியாகக் குடும்பம் நடத்தும் பெண் ஒருவர், இருபத்தைந்து வயதுக்குக் கீழே ஒருவர், அண்மையில் சபைக்கு வந்த ஒருவர் கட்டாயம். எழுதத் தெரிந்தவர் ஒருவர் இருந்தால் போதும். மற்ற ஆறு பேரும் கேட்கத் தெரிந்தவர்களாக இருக்கட்டும்.

போதகர் எங்கே? கூட வேண்டும், ஆனால் தலைமை வேண்டாம். மெதடிஸ்த சபையிலும் தென்னிந்தியத் திருச்சபையிலும் குருமார் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றலாகிப் போவார்கள். அவர் எழுதிய பணிக்கூற்று அவருடைய பெட்டியோடு போய்விடும். அடுத்தவர் வந்து தன்னுடையதை எழுதுவார். தனிச் சபைகளில் சிக்கல் வேறு மாதிரி. பாஸ்டர்தான் சபையைத் தொடங்கியவர், அவர் முன்னால் யாரும் மாறிக் கதைக்கமாட்டார்கள். அங்கே பாஸ்டர் முதல் இரண்டு கூட்டங்களுக்கு வராமல் இருப்பதே அவர் செய்யக்கூடிய பெரிய உதவி. இதை அவரிடம் சொல்ல ஒரு துணிந்த ஆள் வேண்டும்.

கடந்து வந்த வழியைச் சுவரில் வரைவது

முதல் பெரிய கூட்டத்தில் எதிர்காலத்தைப் பற்றிக் கதைக்கவே வேண்டாம். டிமை என்கிற பெரிய தாள்கள் நான்கைந்தை ஒட்டிச் சுவரில் நீளமாக மாட்டுங்கள். நடுவே ஒரு கோடு. இடது பக்கம் சபை தொடங்கிய ஆண்டு, வலது பக்கம் இன்று. முதியவர்களைக் கதிரை போட்டு முன்னால் இருத்துங்கள். ஆண்டுகளைப் பிள்ளைகள் எழுதட்டும்.

பல சபைகளில் இது ஒன்றே எழுத்தில் இருக்கும் ஒரே வரலாறாக அமையும். 2008, 2009 இடப்பெயர்வுகளில் ஞானஸ்நானப் பதிவேடுகளும் கூட்டக் குறிப்புகளும் கைவிடப்பட்டன. சிலர் பதிவேட்டைத் தறப்பாளில் சுற்றிக் கொண்டுபோனார்கள், சிலரால் பிள்ளைகளைத்தான் தூக்க முடிந்தது. ஆகவே ஞாபகத்திலிருந்துதான் எடுக்கவேண்டும். 1996இல் கிளிநொச்சி நகரம் இராணுவத்தின் கைக்குப் போனபோது சபை எங்கே கூடியது? 2004 டிசம்பர் 26 சுனாமியில் முல்லைத்தீவுச் சனத்துக்கு யார் சமைத்தார்கள்? போர் முடிவில் இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் யார் ஜெபக்கூட்டம் நடத்தினார்கள்? அந்த முகாம் மூடப்பட்டது 2012 செப்டம்பரில். திரும்பி வந்து முதல் ஆராதனையை எந்த மரத்துக்குக் கீழே வைத்தார்கள்?

ஒவ்வொரு ஆண்டுக்கும் ஒரே கேள்விதான்: அந்த நேரம் சபை என்ன செய்தது? 'கஷ்டப்பட்டோம்' என்பது பதில் இல்லை. 'ஒரு வீட்டில் மா இருந்தால் எட்டு வீட்டுக்கு ரொட்டி சுட்டோம்', 'செத்தவரைப் புதைக்க ஆள் இல்லாதபோது நாங்கள் போனோம்', 'பிள்ளைகளுக்குத் தறப்பாளுக்குக் கீழே பாடம் சொன்னோம்'. இப்படியான பதில்களை அப்படியே, சொன்னவர் வாயில் வந்தபடி எழுதுங்கள். பின்னால் வசனம் எழுதும்போது அவைதான் கைகொடுக்கும். ஆலயம் இல்லாத நாளில் எதை விடாமல் செய்தார்களோ, அதுவே சபையின் பணி. ஓட்டுக் கூரையும் ஒலிபெருக்கியும் வந்த பிறகு சேர்ந்தவற்றை அதோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

இந்தக் கூட்டத்தில் அழுகை வரும். அதற்குத் தயாராக இல்லாவிட்டால் இந்தப் படியை வைக்கவே வேண்டாம். சில ஒழுங்குகளை முதலே சொல்லிவிடுங்கள். விருப்பமில்லாதவர் கதைக்கத் தேவையில்லை. எழுந்து வெளியே போகலாம், ஏன் என்று யாரும் கேட்கக்கூடாது. பக்குவமான இரண்டு பேர், நல்லது ஓர் அக்காவும் ஓர் அண்ணையும், வாசலடியில் இருக்கட்டும். யாராவது வெளியே போனால் தண்ணீரோடு கூடப் போய்ப் பக்கத்தில் இருந்தால் போதும், ஆறுதல் வசனம் சொல்லவேண்டாம். போனில் படம் எடுக்கவேண்டாம். காணாமல் ஆக்கப்பட்டவர்களின் பெயர்களையும் விபரங்களையும் சுவரில் எழுதவேண்டாம். பிள்ளையைத் தேடும் தாய்மார் 2017 பெப்ரவரியிலிருந்து கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் வீதியோரம் இருந்து கேட்ட கேள்விக்கு இன்னும் பதில் இல்லை. அந்த நோவைச் சபைத் திட்டமிடலுக்கான தகவலாக ஆக்குவது சரியில்லை. அந்தத் தாய் தானாகச் சொன்னால் கேளுங்கள். சொல்லாவிட்டால் விடுங்கள்.

வீடு வீடாகக் கேட்பது

அடுத்த ஐந்தாறு கிழமை இதற்குத்தான். குழுவில் இருவர் இருவராக எல்லா வீட்டுக்கும் போகவேண்டும். சந்தா கட்டுகிற வீடு மட்டும் போதாது. கோபித்துக்கொண்டு வராமல் விட்ட வீடும், நத்தாருக்கு மட்டும் வருகிற வீடும் கணக்கில் உண்டு.

கேள்விதான் முக்கியம். 'எங்கட சபையின்ர நோக்கம் என்னவாக இருக்கவேணும்?' என்று கேட்டால் எல்லா வீட்டிலும் ஞாயிறு பாடசாலைப் பதில்தான் வரும்: கர்த்தரை மகிமைப்படுத்துதல், சுவிசேஷம் அறிவித்தல். பிழையில்லை, ஆனால் பிளேன்ரீ குடித்து எழும்பியதுதான் மிச்சம். இப்படிக் கேட்டுப் பாருங்கள்.

கடைசியாக எப்போது இந்தச் சபை உங்களுக்குக் கைகொடுத்தது? எப்போது கைவிட்டது என்று நினைத்தீர்கள்? இந்த ஆலயம் நாளைக்கு மூடப்பட்டால், ஊரில் யார் முதலில் தேடுவார்கள்? நாங்கள் செய்கிறவற்றில் எதை நிறுத்தினால் உங்களுக்கு ஆறுதலாக இருக்கும்?

கடைசிக் கேள்வியைக் கேட்க வெட்கமாக இருக்கும். கேளுங்கள். மாதத்தில் எத்தனை உபவாச ஜெபம், எத்தனை நிதி சேகரிப்பு, எத்தனை விழா என்று மூச்சுவிடாமல் ஓடிக்கொண்டிருக்கிற தாய்மார் அந்தக் கேள்விக்குத்தான் வாய் திறப்பார்கள்.

இரண்டாவது கேள்விக்கு வரும் பதில்கள் சுடும். 'செத்த வீடெண்டா எல்லாரும் வருவினம் பிள்ளை. கலியாணத்துக்கு எங்கட வீட்டில கை நனைக்க மாட்டினம்' என்கிற மாதிரி ஒன்று வந்தால், அதைப் 'பாகுபாடு' என்று ஒரு சொல்லாகச் சுருக்கிவிடாமல் சொன்னபடியே எழுதுங்கள். நற்கருணையில் ஒரே கிண்ணம், கலியாண வீட்டில் வேறு பந்தி என்பது வன்னியில் பலருக்குத் தெரிந்த சங்கதி. போர்க்காலத்தில் எல்லோரும் ஒரே பதுங்குகுழிக்குள் இருந்தோம் என்பதால் அது போய்விட்டது என்று நினைப்பது ஆசை மட்டும்தான்.

கடனும் வரும், அதுவும் மெல்லிய குரலில். நுண்கடன் கட்டும் நாளில் வசூலிக்க வருகிறவரின் மோட்டார் சைக்கிள் சத்தத்துக்குப் பயந்து பின்பக்கத்தால் போய்விடும் பெண்கள் ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் காணிக்கைப் பையைப் பார்த்துத் தலை குனிகிறார்கள். 2018இல் அரசாங்கம் வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் பெற்ற ஒரு இலட்சம் ரூபா வரையான நுண்கடன்களைத் தள்ளுபடி செய்வதாக அறிவிக்கும் அளவுக்கு இது பெரிய பிரச்சினை. உங்கள் சபையில் இல்லை என்று நினைத்தால் இன்னும் நாலு வீட்டுக்குப் போய் வாருங்கள்.

அப்புறம், சபைக்கு வெளியே உள்ளவர்களையும் கேளுங்கள். எங்கள் ஊர்களில் அயலவர் பெரும்பாலும் சைவர்கள், பலருக்குச் சொந்தச் சகோதரமே சைவம். கோயில் பரிபாலன சபைத் தலைவர், பாடசாலை அதிபர், கிராம சேவகர், மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்து அக்கா என்று நாலைந்து பேர் போதும். 'எங்களைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள்?' என்று கேட்டால் மரியாதைக்கு நல்லதாகச் சொல்வார்கள். 'நாங்கள் எதைச் செய்யும்போது உங்களுக்குப் பயமாகவோ கோபமாகவோ இருக்கிறது?' என்று கேட்டால்தான் விஷயம் வரும். மதம் மாற்றுவது, ஒலிபெருக்கி, உதவிப் பொருள் கொடுக்கும்போது கூடவே துண்டுப்பிரசுரம் கொடுத்தது. கேட்டுக்கொண்டு வாருங்கள், அங்கேயே நின்று வாதாடவேண்டாம்.

வெளிநாட்டில் இருக்கும் எங்கள் ஆட்கள்

ரொறொன்ரோவிலும் லண்டனிலும் பரிஸிலும் இருப்பவர்களுக்கு இந்தச் சபையில்தான் ஞானஸ்நானம் நடந்தது. கூரை போட்டதும் அவர்கள் காசில்தான். வாட்ஸ்அப் குழுவில் அவர்களும் இருப்பார்கள். கேட்காமல் விட்டால் மனவருத்தம், கேட்டால் அவர்கள் நினைப்பது அவர்கள் விட்டுப் போன சபையை. 1985இல் இருந்த பாடகர் குழுவையும், இடிந்து போன மணிக்கூட்டுக் கோபுரத்தையும் திருப்பிக் கட்டச் சொல்வார்கள். இங்கே இருப்பவருக்கு மழைக்கு முன் ஞாயிறு பாடசாலைக் கொட்டிலுக்குக் கிடுகு மாற்றவேண்டிய கவலை.

என் அபிப்பிராயம் இதுதான்: முதல் மூன்று கேள்விகளையும் அவர்களிடமும் கேளுங்கள், குரல் பதிவாக அனுப்பச் சொல்லுங்கள், கூட்டத்தில் போட்டுக் காட்டுங்கள். கதைகளில் அவர்களுக்குப் பங்கு உண்டு. முடிவெடுக்கும்போது, இங்கே ஞாயிறு தோறும் வந்து உட்காருகிறவர்கள் மட்டும். இதைத் தொடக்கத்திலேயே எழுத்தில் போட்டு அனுப்பிவிட்டால் பின்னால் முறுகல் குறையும். முற்றாக இல்லாமல் போகாது.

தரையில் பரப்பிப் பிரிப்பது

வீடுகளில் கேட்டதெல்லாம் கொப்பிகளில் இருக்கும். ஒரு துண்டுக்கு ஒரு விஷயமாக, பெயர் இல்லாமல், பெரிய எழுத்தில் எழுதி எடுங்கள். ஒரு ஞாயிறு பாய்களை விரித்து எல்லாவற்றையும் தரையில் பரப்புங்கள். மேசையில் வைத்தால் நாலு பேர் சுற்றி நிற்பார்கள், தரையில் வைத்தால் எல்லோரும் குந்துவார்கள். வாசிக்க முடியாத அம்மாச்சிக்குப் பிள்ளைகள் வாசித்துக் காட்டட்டும்.

ஒரே மாதிரியானவற்றை ஒன்றாகச் சேர்க்கச் சொல்லுங்கள். குவியல்கள் தானாக உருவாகும்: தனிமை, கடன், பிள்ளைகளின் படிப்பு, குடி, இளைஞர் வெளிநாடு போவது, செத்த வீடு, ஜெபம், சாதி. ஒவ்வொரு குவியலையும் மூன்றாகப் பிரியுங்கள். ஏற்கெனவே செய்கிறோம், செய்யக்கூடியது, எங்களால் ஏலாது. மூன்றாவதை எறிந்துவிட வேண்டாம். எங்களால் ஏலாதது எது என்று சபை தன் வாயால் சொன்ன இடம் அது.

பெண்கள் தனியாக, வாலிபர் தனியாக, ஆண்கள் தனியாக ஒரு மணித்தியாலம் இருந்து, தங்களுக்கு முக்கியமான மூன்று குவியல்களைத் தெரிவுசெய்துகொண்டு வரட்டும். கலந்திருந்தால் இரண்டு ஐயாமார் கதைத்து முடித்துவிடுவார்கள்.

இந்தக் கட்டத்தில்தான் வேதவாசிப்பு. லூக்கா 4இல் நாசரேத்து ஜெப ஆலயத்தில் இயேசு வாசித்த ஏசாயாவின் பகுதி, எரேமியா 29இல் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதிய கடிதம், மீகா 6:8. வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், நீங்கள் இருக்கும் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள் என்கிற எரேமியாவின் கடிதத்தை மீள்குடியேறிய சனம் வாசிக்கிற விதமே வேறு. வேத வசனத்தை முதலில் தெரிவுசெய்துவிட்டு அதற்குள் சபையைத் திணிக்காதீர்கள். ஆகவேதான் இதைத் துண்டுகள் பிரித்த பிறகு வைத்திருக்கிறேன்.

எழுதுவது

மூன்று குழுக்களும் ஆளுக்கொரு வரைவு எழுதட்டும். ஏழு பேர் எழுதிச் சபைக்குக் காட்டுவதைவிட இது நல்லது, ஏனென்றால் எழுதிப் பார்த்தவர்தான் அடுத்தவர் எழுதியதைப் பொறுமையாக வாசிப்பார். உள்ளடக்கம் எளிது: நாங்கள் யார், எங்கே, யாருக்காக, என்ன செய்கிறோம், யாரை நம்பி. மூன்று வசனத்துக்கு மேல் போகக்கூடாது.

முதல் வரைவு அநேகமாக இப்படி வரும்:

'கிறிஸ்துவின் அன்பினால் ஏவப்பட்டு, பங்குபற்றுதலுடனான நிலைபேறான அபிவிருத்தியினூடாக வலுவூட்டப்பட்ட சமூகமொன்றைக் கட்டியெழுப்புதல்.'

முதல் மூன்று சொற்களை எடுத்துவிட்டால் பிரதேச செயலகத்தில் மாட்டலாம். நிறுவனங்களோடு வேலை செய்த தம்பி, தங்கச்சிமாருக்கு இந்த நடை பழகிவிட்டது, அவர்களைக் குறை சொல்லி வேலையில்லை. 'இதை அம்மாச்சிக்கு விளங்கப்படுத்துங்கோ' என்று மட்டும் கேளுங்கள். விளங்கப்படுத்தும்போது அவர் வாயில் வருவதை எழுதுங்கள்.

இரண்டாவது வரைவு மறுபக்கத்துக்குப் போகும்: 'இயேசுவின் அன்பை எல்லோருக்கும் அறிவிக்கும் சபை.' உண்மைதான். ஆனால் கொழும்பிலும் சொல்லலாம், கொரியாவிலும் சொல்லலாம். இதை வைத்து எதையும் மறுக்க முடியாது.

மூன்றாவது, நாலைந்து கூட்டத்துக்குப் பிறகு, இதுபோல ஒன்று:

'பல ஊர்களிலிருந்து வந்து இந்தக் குளத்தடியில் குடியேறிய நாங்கள், இயேசுவின் பந்தியில் ஒரே குடும்பம். இழந்தவரையும் தனித்தவரையும் தேடிப்போய் அவர்களோடு இருக்கிறோம். எங்கள் பிள்ளைகள் கடனும் பயமும் இல்லாமல் இங்கே வாழ, கர்த்தரை நம்பி உழைக்கிறோம்.'

ஒவ்வொரு சொல்லையும் தட்டிப் பாருங்கள். 'ஒரே குடும்பம்' என்றால் கலியாண வீட்டுப் பந்தியும் சேர்த்தியா? சேர்த்தி என்று ஒப்புக்கொள்ள மனமில்லாவிட்டால் அந்தச் சொல்லை எடுத்துவிடுங்கள், பொய்யை ஆலயச் சுவரில் எழுதவேண்டாம். 'தேடிப்போய்' என்றால் யார் போவது, பெற்றோல் காசு யார் தருவது? அந்தச் சொல் நின்றால் வரவுசெலவில் ஒரு வரி வேண்டும். 'இங்கே வாழ' என்பது வெளிநாடு போக நிற்கும் வாலிபருக்குக் குத்துமா? 'கடன்' என்கிற சொல் ஆலயப் பலகையில் அழகில்லை என்று ஒருவர் சொல்வார். கடன் உள்ளவர்கள் அதை எடுக்கவேண்டாம் என்பார்கள். அவர்கள் சொல்வதைக் கேளுங்கள்.

இனிச் சோதனை. ஆபகூக் 2:2இல் ஓடுகிறவனும் வாசிக்கும்படி பலகையில் தெளிவாக எழுதச் சொல்லியிருக்கிறது. ஏ9 வீதியில் பஸ்ஸில் போகும்போது பக்கத்தில் இருப்பவருக்கு மனப்பாடமாகச் சொல்ல முடிகிறதா என்று பாருங்கள். பிறகு உண்மையில் வந்த, அல்லது வரக்கூடிய முடிவுகளை அதன்மேல் வைத்துப் பாருங்கள். ஒரு நிறுவனம் பத்துத் தையல் மெசின் தருகிறது, ஆனால் பயனாளிகளை அவர்கள்தான் தெரிவுசெய்வார்களாம். வெளிநாட்டிலிருந்து மதிலுக்கும் வளைவுக்கும் காசு வருகிறது. பாடசாலை பின்னேர வகுப்புக்கு மண்டபம் கேட்கிறது. மூன்று நாள் நற்செய்திப் பெருவிழாவுக்கு ஒரு பேச்சாளர் வரத் தயார். மேலேயுள்ள வரைவின்படி மண்டபத்தைக் கொடுப்பது இலகு. மதிலுக்கு 'இப்போது வேண்டாம்' என்று சொல்லலாம். தையல் மெசினில் நிபந்தனையைக் கதைத்துப் பார்க்கலாம். நான்கு முடிவுக்கும் ஒரே பதிலைத் தரும் வரைவு எதற்கும் உதவாது, திரும்ப எழுதுங்கள்.

சண்டை வரும் இடம்

ஒன்று நிச்சயம்: 'முதலில் ஆத்துமாவா, வயிறா?' ஒரு பகுதி சுவிசேஷத்தை முதல் வசனத்தில் போடச் சொல்லும், மற்றது சமூகப்பணியை. எந்தத் திருச்சபையிலும் இது உண்டு. வன்னியில் கூடுதலாக ஒரு முடிச்சு இருக்கிறது. உதவியையும் மதமாற்றத்தையும் சேர்த்துப் பார்க்கும் அயலவருக்கு நடுவே இருக்கிறோம். என் பார்வையில் இரண்டையும் ஒரே வசனத்தில் ஒட்டிச் சமாளிப்பதைவிட, உதவிக்கு நிபந்தனை வைக்கமாட்டோம் என்று தனியாக ஒரு தீர்மானம் எழுதி, விசுவாசத்தை வெட்கப்படாமல் முதல் வசனத்திலேயே சொல்லிவிடுவது நேர்மை.

கை உயர்த்தி வாக்கெடுக்க அவசரப்படாதீர்கள். மூன்று பதிலுக்கு இடம் வையுங்கள்: எனக்குச் சரி, முழுக்கப் பிடிக்கவில்லை ஆனால் கூட நிற்பேன், என்னால் ஏலாது. மூன்றாவதைச் சொன்னவரிடம் எந்தச் சொல்லை மாற்றினால் கூட நிற்பீர்கள் என்று கேளுங்கள். பெரும்பாலும் ஒரு சொல்தான் இருக்கும். அப்போஸ்தலர் 15இல் எருசலேமில் மிகுந்த தர்க்கம் நடந்த பிறகுதான் அந்தக் கடிதம் எழுதப்பட்டது, பரிசுத்த ஆவிக்கும் எங்களுக்கும் நலமாகக் கண்டது என்று. தர்க்கமே நடக்காத சபையில் யாரோ வாய் மூடியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

ஒரு மாதத்துக்கு மேல் இழுபட்டால் இரண்டு கிழமை நிறுத்துங்கள். அந்தக் கிழமைகளில் வாட்ஸ்அப் குழுவில் இந்தக் கதை வேண்டாம்.

ஏற்றுக்கொள்வது

இது சின்ன வேலை. உங்கள் யாப்பின்படி பொதுக்கூட்டத்தில் முன்மொழிந்து, வழிமொழிந்து, குறிப்பேட்டில் எழுதுங்கள். மறைமாவட்டத்துக்கோ திருப்பேரவைக்கோ ஒரு பிரதி அனுப்புங்கள். அவர்களுக்கும் தனிப் பணிக்கூற்று இருக்கும், உங்களுடையது அதற்கு முரணாக இல்லாவிட்டால் போதும். ஒரு ஞாயிறு சபையாக எழுந்து நின்று வாசியுங்கள். பலகை அடிக்கலாம், அவசரமில்லை. காணிக்கை உறையின் பின்பக்கத்தில் அச்சடித்தால் செலவு குறைவு, கண்ணிலும் அடிக்கடி படும்.

அதற்குப் பிறகு

நிர்வாகக் குழுவின் ஒவ்வொரு கூட்டத்திலும் நிகழ்ச்சி நிரலுக்கு மேலே பணிக்கூற்று இருக்கட்டும். பெரிய முடிவு வரும்போது யாராவது ஒருவர் வாசிக்கட்டும். முதல் மூன்று மாதத்துக்குள் ஒரு காரியத்தையாவது நிறுத்துங்கள். எதையும் நிறுத்தாத பணிக்கூற்று, இருந்த வேலைக்கு மேல் இன்னொரு வேலையாகப் போய்விடும்.

ஆண்டு இறுதியில் பொருளாளரிடம் காசுப் புத்தகத்தை வாங்கி, செலவுகளைப் பணிக்கூற்றின் ஒவ்வொரு வசனத்துக்கும் கீழே பிரித்துப் போடுங்கள். எந்த வசனத்தின் கீழும் வராத செலவுகளைத் தனியாக எழுதுங்கள். அந்தத் தாளை ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் கணக்கறிக்கையோடு சேர்த்துக் கொடுங்கள். 'தேடிப்போய்' என்று எழுதிவிட்டுப் போக்குவரத்துக்கு ஒரு சதமும் ஒதுக்காமல், ஒலிபெருக்கிக்கு இலட்சம் செலவழித்திருந்தால் கேள்வி கேட்க வேறு யாரும் தேவைப்படாது.

மூன்று ஆண்டுக்கு ஒருமுறை, அல்லது புதுக் குருவானவர் வந்து ஆறு மாதம் கழித்து, சுவரில் மாட்டிய அந்த நீளத் தாளைத் திரும்ப எடுத்து, இடைப்பட்ட ஆண்டுகளைச் சேர்த்து எழுதிப் பார்த்த பிறகு, எந்தச் சொல் இனிப் பொருந்தாது என்று கேட்கலாம். தாளையும் துண்டுகளையும் படம் எடுத்து, ஆலயத்தில் ஒரு பிரதி, குழுவில் ஒருவர் வீட்டில் ஒரு பிரதி, வெளிநாட்டில் நம்பிக்கையான ஒருவரிடம் ஒரு பிரதி என்று வைத்திருங்கள்.